பால் கொடுக்கும் கினிப்பன்றிக்கும் குட்டிகளுக்கும் சொறிப்பூச்சி வந்தால்: மருந்து, அளவு, கவனிப்பு

குட்டி போட்ட கினிப்பன்றி ஓயாமல் சொறிகிறது, முதுகில் முடி கொட்டுகிறது, குட்டிகளும் பின்னங்காலால் கழுத்தைச் சொறிய ஆரம்பித்துவிட்டன. இந்த நிலையில் பலர் எடுக்கும் முடிவு, "பால்குடி மறக்கட்டும், அப்புறம் மருந்து போடலாம்" என்பது. தாய்க்கு வந்திருப்பது தோலைத் துளைக்கும் வகைப் பூச்சி என்றால் இது தவறான முடிவு. அரிப்பு தாங்காத தாய் சாப்பிடாது. சாப்பிடாத தாய்க்குப் பால் குறையும். குட்டிகளின் எடை அதே வாரத்தில் நின்றுவிடும். தாய்க்கு உடனே மருந்து வேண்டும். குட்டிகளுக்கு எப்போது, எதை, எவ்வளவு என்பதைத் தராசும் கால்நடை மருத்துவரும் சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில், இது எந்தப் பூச்சி?

கினிப்பன்றியிடம் காணப்படும் புற ஒட்டுண்ணிகளில் மிகவும் கொடியது ட்ரிக்ஸகேரஸ் கேவியே. தோலின் மேலடுக்கில் சுரங்கம் தோண்டி, அதற்குள்ளேயே முட்டையிடும். வெறும் கண்ணுக்குத் தெரியாது. முட்டை வளர்ந்து முதிர்ந்த பூச்சியாக ஏறக்குறைய 10 முதல் 14 நாள் ஆகும். தோள், முதுகு, விலா, தொடையின் உட்பக்கம் ஆகிய இடங்களில் முடி கொட்டி, மஞ்சள் கலந்த வெள்ளைப் பொருக்கு படியும். தோல் தடித்துச் சுருங்கும். அரிப்பு மிகக் கடுமையாக இருக்கும். முதுகைத் தொட்டாலே சில விலங்குகளுக்கு வலிப்பு போன்ற துடிப்பு வந்துவிடும். பக்கவாட்டில் விழுந்து கால்களை உதைத்துக்கொள்ளும் அந்தக் காட்சியைப் பார்த்து மூளை நோய் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் அரிப்பின் உச்சம்தான் அது.

இன்னொன்று கைரோடிஸ்காய்டஸ் கேவியே. இது முடியைப் பற்றிக்கொண்டு வாழும், தோலைத் துளைக்காது. பின்பக்கத்து முடியை விலக்கி நல்ல வெளிச்சத்தில் பார்த்தால், முடித்தண்டில் பொடித்துகள் ஒட்டியது போலத் தெரியும். பல விலங்குகளுக்கு இதனால் பெரிய தொல்லை இருப்பதில்லை. எண்ணிக்கை பெருகினால்தான் அரிப்பு.

மூன்றாவது பேன். வெளிர்மஞ்சள் நிறத்தில் நீளவாக்கில் ஊர்ந்து போவது கண்ணுக்கே தெரியும். முடியில் ஈர் ஒட்டியிருக்கும்.

பால் கொடுக்கும் தாய் விஷயத்தில் ஒரு குழப்பம் வரும். கர்ப்பத்தின் கடைசியிலும் பால் கொடுக்கும் காலத்திலும் பல பெண் கினிப்பன்றிகளுக்கு இரு விலாவிலும் முடி மெலியும். தோல் மழுமழுவென்று சுத்தமாக இருந்து, பொருக்கும் அரிப்பும் இல்லையென்றால் அதற்கு மருந்து தேவையில்லை; பால் நின்றபின் முடி தானே வளரும். சினைப்பைக் கட்டியிலும் இரு பக்கமும் ஒரே மாதிரி முடி கொட்டும், அரிப்பு இருக்காது. மூக்கு, கண்ணோரம், காது ஆகியவற்றில் வட்டமாகப் பொருக்கு தொடங்கினால் படர்தாமரையைச் சந்தேகிக்க வேண்டும். அது பூஞ்சை. பூச்சி மருந்தால் ஒன்றும் ஆகாது. மனிதருக்கும் குட்டிகளுக்கும் சட்டென்று தொற்றும்.

உறுதி செய்ய மருத்துவர் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்ப்பார். முடிப்பூச்சி என்றால் ஒட்டும் டேப்பை முடியில் அழுத்தி எடுத்தாலே போதும். துளைக்கும் பூச்சியோ ஆழத்தில் இருப்பது. சுரண்டிய துகளில் அகப்படாமலும் போகும். ஆகவே "சோதனையில் ஒன்றும் இல்லை" என்ற முடிவை வைத்து மட்டும் பூச்சி இல்லை என்று சொல்ல முடியாது. அறிகுறிகள் தெளிவாக இருந்தால் மருந்து கொடுத்துப் பார்ப்பதே நடைமுறை. தொட்டாலே துடிக்கும் தாயைச் சுரண்டுவதற்காகப் பிடித்து அமுக்குவதில் ஆபத்தும் இருக்கிறது.

பால் கொடுக்கும் காலம் ஏன் வேறுபட்டது

கினிப்பன்றிக் குட்டி பிறக்கும்போதே கண் திறந்து, முடியோடும் பல்லோடும் வரும். 70 முதல் 100 கிராம் எடை இருக்கும். முதல் சில நாட்களுக்குள்ளேயே புல்லைக் கொறிக்கத் தொடங்கும். ஆனாலும் மூன்று வாரம் வரை பால் தேவை. தாய்க்கு இருப்பது இரண்டே காம்புகள், அதுவும் அடிவயிற்றின் பின்பகுதியில். தொடையின் உட்பக்கத்தில் பொருக்கு படிந்த தாய், குட்டி முட்டிப் பால் குடிக்கும்போது வலியால் விலகி ஓடும். நான்கு குட்டிகள் இருந்தால் சின்னதுக்குத்தான் முதலில் பால் கிடைக்காமல் போகும்.

பூச்சி பரவுவதும் இந்த நெருக்கத்தில்தான். பால் குடிக்கும் ஒவ்வொரு முறையும் குட்டியின் முகமும் தோளும் தாயின் தோலில் உரசுகின்றன. எனவே தாய்க்கு இருந்தால் குட்டிகளுக்கும் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள், அறிகுறி தெரியாவிட்டாலும்.

மூன்றாவது சிக்கல் தாயின் உடல்நிலை. பிரசவத்துக்கு முந்தைய இரண்டு வாரமும் பிந்தைய ஒரு வாரமும் கீட்டோசிஸ் என்ற வளர்சிதைக் கோளாறுக்குப் பெயர்போன காலம். பட்டினியும் மன அழுத்தமும் அதைத் தூண்டிவிடும். அந்த நாட்களில் குளிப்பாட்டுவது, மல்லாக்கப் பிடித்துப் பொருக்கை உரிப்பது, கூட்டாளியிடமிருந்து பிரிப்பது எல்லாமே தவிர்க்க வேண்டியவை. மருந்து போடுவதைத் தவிர மற்றதெல்லாம் காத்திருக்கலாம்.

கடைசியாக, மருந்து பாலில் இறங்கும் விஷயம். பூச்சியைக் கொல்லும் ஐவர்மெக்டின் என்ற மருந்து பாலில் கலக்கும். மருந்து பெற்ற தாய் எலிகளின் பால் வழியாகக் குட்டி எலிகளுக்கு நச்சு ஏறியிருக்கிறது. பிறந்த எலிக்குட்டியின் மூளையைக் காக்கும் தடுப்பு அப்போது முழுமையாக வளர்ந்திருக்காது. கினிப்பன்றிக் குட்டி எலிக்குட்டியைவிட மிகவும் முதிர்ந்த நிலையில் பிறக்கிறது. இருவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. அதற்காக அளவை அலட்சியப்படுத்தவும் முடியாது.

எந்த மருந்து

பால் கொடுக்கும் தாய்க்கு எங்கள் முதல் தேர்வு செலாமெக்டின், கழுத்துப் பக்கம் தோலில் விடும் சொட்டு மருந்து. காரணங்கள் மூன்று. ஊசி வலி இல்லை. திரும்பத் திரும்பப் பிடிக்க வேண்டியதில்லை. நாய், பூனைகளில் கர்ப்பத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் பயன்படுத்தத்தக்கது என்று அனுமதி பெற்ற மருந்து. கினிப்பன்றிக்கென்று அட்டையில் எழுதியிருக்காது. மருத்துவர் தன் பொறுப்பில் எழுதிக் கொடுப்பதுதான். துளைக்கும் பூச்சி உள்ள கினிப்பன்றிகளில் கிலோவுக்கு 15 மி.கி. ஒரே முறை விட்டதையும், ஐவர்மெக்டின் ஊசியைப் பலமுறை போட்டதையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள்; இரண்டுமே வேலை செய்தன. நடைமுறையில் 3 முதல் 4 வாரத்தில் இன்னொரு முறை விடுவது வழக்கம். கடுமையாக இருந்தால் மருத்துவர் இடைவெளியைக் குறைப்பார்.

ஐவர்மெக்டின் பழைய, மலிவான, நன்றாக வேலை செய்யும் மருந்து. கிலோவுக்கு 0.2 முதல் 0.5 மி.கி. வரை, பெரும்பாலும் 0.4 மி.கி., தோலுக்கடியில் ஊசியாக. 7 முதல் 10 நாள் இடைவெளியில் குறைந்தது மூன்று முறை. முட்டையை இது கொல்லாது. முதல் ஊசிக்குப் பின் பொரித்து வருவதை இரண்டாவது ஊசி பிடிக்க வேண்டும், அதிலும் தப்பியதை மூன்றாவது. இரண்டோடு நிறுத்துவதுதான் நோய் திரும்பி வருவதற்கு முதல் காரணம். வாய்வழி கொடுத்தால் உடலில் ஏறும் அளவு ஒரே சீராக இருக்காது, அதனால் பலன் குறைவு. ஊசி மருந்தின் அடிப்படை திரவம் எரிச்சல் தரும், கத்தும், பயந்துவிடாதீர்கள்.

தொடக்கூடாதவை சில உண்டு. குதிரைக்கான ஐவர்மெக்டின் பசையில் ஒரு பட்டாணி அளவு எடுத்து ஊட்டுவது பழைய பழக்கம். பசைக்குள் மருந்து ஒரே சீராகப் பரவியிருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. குதிரைக்கு அந்த வேறுபாடு பொருட்டல்ல, 100 கிராம் குட்டிக்கு அது உயிர். மாட்டுக்கான ஊசியில் ஐவர்மெக்டினோடு குளோர்சுலான் சேர்ந்த வகை இருக்கிறது. பூனைக்கான செலாமெக்டினிலும் சாரோலனர் சேர்ந்த வகை வருகிறது. பெயர் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். அட்டையில் ஒரே ஒரு மருந்துப் பெயர்தான் இருக்க வேண்டும். ஃபிப்ரோனில் வேண்டாம்: முயல்களைக் கொன்றிருக்கிறது, கினிப்பன்றியிலும் ஒதுக்கி வைப்பதே சரி. அமிட்ராஸ் கரைசல், நாய்க்கான பூச்சிப் பட்டை, செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் "சிறு விலங்கு மைட் ஸ்ப்ரே" ஆகியவையும் குட்டி இருக்கும் கூண்டில் வேண்டாம். ஸ்ப்ரே முடியில் உள்ளதைத்தான் தொடும், சுரங்கத்துக்குள் இருப்பதை எட்டாது. எண்ணெய் தடவி மூச்சுத் திணறடிப்பதும் அப்படியே. கூடுதலாக, எண்ணெய் பிடித்த தாயின் உடம்பில் குட்டி உரசி நனைந்து குளிரில் நடுங்கும்.

எடையும் அளவும்

1 கிராம் துல்லியமுள்ள சமையலறைத் தராசு கட்டாயம். மேலே ஒரு கிண்ணம் வைத்து, பூஜ்யமாக்கி, குட்டியை உள்ளே விடுங்கள். "கால் கிலோ இருக்கும்" என்ற கண்மதிப்பு இங்கே செல்லாது.

செலாமெக்டின் 6 சதவீதக் கரைசலில் ஒரு மி.லி.க்கு 60 மி.கி. உள்ளது. கிலோவுக்கு 15 மி.கி. என்றால் கிலோவுக்கு 0.25 மி.லி. அதன்படி 900 கிராம் தாய்க்கு 13.5 மி.கி., அதாவது 0.22 மி.லி. 200 கிராம் குட்டிக்கு 3 மி.கி., அதாவது 0.05 மி.லி. 120 கிராம் குட்டிக்கு 1.8 மி.கி., அதாவது 0.03 மி.லி. 12 சதவீதக் கரைசல் என்றால் இந்த மி.லி. அளவுகள் எல்லாம் பாதி. குழாயிலிருந்து நேராக "ஒரு சொட்டு" விடுவதில் உள்ள ஆபத்து இதில்தான் தெரியும்: ஒரு சொட்டு ஏறக்குறைய 0.05 மி.லி. வரும். 6 சதவீதக் கரைசலில் அது 200 கிராம் குட்டிக்குச் சரி, 100 கிராம் குட்டிக்கு இரட்டிப்பு. குழாயின் மருந்தை முதலில் ஊசியில்லாத சிரிஞ்சுக்குள் இழுத்து, அளந்துதான் விட வேண்டும்.

ஐவர்மெக்டின் 1 சதவீத ஊசி மருந்தில் ஒரு மி.லி.க்கு 10 மி.கி. கிலோவுக்கு 0.4 மி.கி. கணக்கில் 900 கிராம் தாய்க்கு 0.36 மி.கி., அதாவது 0.036 மி.லி. 150 கிராம் குட்டிக்கு 0.06 மி.கி., அதாவது 0.006 மி.லி. இதை எந்த சிரிஞ்சிலும் அளக்க முடியாது. ஊசியின் முனையில் தங்கும் மருந்தே இதைவிட அதிகம். ஆகவே மருத்துவர் ஒரு பங்கு மருந்தோடு ஒன்பது பங்கு புரோபிலீன் கிளைக்கால் சேர்த்து பத்தில் ஒன்றாக நீர்த்துக் கொடுப்பார், அப்போது 0.06 மி.லி. ஆகிவிடும், அளக்கலாம். தண்ணீரில் கலக்கக்கூடாது, சீராகக் கரையாது: ஒரு குட்டிக்கு ஒன்றுமே போகாது, அடுத்ததற்கு மொத்தமும் போகும். நீர்த்த புட்டியின் மேல் "1 மி.கி./மி.லி." என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். நீர்த்த மருந்தையும் நீர்க்காத மருந்தையும் மாற்றி எடுத்தால் பிழை பத்து மடங்கு.

சிரிஞ்சிலும் ஒரு பொறி உள்ளது. இன்சுலின் சிரிஞ்சு யு-100 என்றால் ஒரு யூனிட் கோடு 0.01 மி.லி. யு-40 என்றால் ஒரு யூனிட் 0.025 மி.லி. "ஆறு கோடு" என்று வாயால் சொல்லப்பட்ட அளவை தவறான சிரிஞ்சில் இழுத்தால் இரண்டரை மடங்கு மருந்து போய்விடும். மருத்துவரிடம் அளவை மி.லி.யில் எழுதி வாங்குங்கள். முடிந்தால் அதே சிரிஞ்சில் கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

குட்டியின் எடை வாரத்துக்கு வாரம் மாறும். முதல் ஓரிரு நாள் சற்றுக் குறையலாம், பிறகு நாளுக்குச் சில கிராம் ஏற வேண்டும். மூன்றாம் வாரத்தில் பிறந்த எடையின் இரட்டிப்பை எட்டிவிடும். இரண்டாவது மருந்தை முதல் எடைக்கு அளந்தால் பாதி மருந்துதான் போகும். ஒவ்வொரு முறையும் அன்றைய எடைக்கு அன்றைய கணக்கு.

எந்த வயதில் குட்டிக்குத் தொடங்குவது? நன்றாக ஓடியாடி, எடை ஏறி, சொறியாமல் இருக்கும் சின்னக் குட்டிக்கு முதல் வாரத்தில் எதுவும் போடாமல், தாயை மட்டும் குணப்படுத்தி, குட்டியைத் தினம் கவனித்துக்கொண்டே இருக்கலாம் என்பது பல மருத்துவர்களின் வழி. பொருக்கு, முடி உதிர்தல், ஓயாத சொறிதல் தெரிந்தால் வயதைப் பார்த்துத் தள்ளிப் போடக்கூடாது. அப்போது செலாமெக்டினே எளிது. கூட்டத்தில் ஒன்றுக்குத் தொடங்கினால் உடன்பிறந்த எல்லாவற்றுக்கும் அதே நாளில் தொடங்க வேண்டும்.

சொட்டு மருந்து விடும் முறை

1. எடை பாருங்கள், அளவைக் கணக்கிட்டு எழுதுங்கள், இன்னொருவரை அதே கணக்கைத் தனியாகப் போடச் சொல்லுங்கள். விடை ஒத்துப்போன பிறகே மருந்தை இழுங்கள்.

2. கையுறையும் நீளக்கை சட்டையும் போட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பூச்சி மனிதத் தோலில் பெருகாது. ஆனால் கை, வயிறு, மார்புப் பகுதியில் சிவந்த அரிப்புத் தடிப்பைத் தரும். விலங்கு குணமானதும் அதுவும் போய்விடும்.

3. தாயை மடியில் துண்டு விரித்து உட்காரவையுங்கள். மல்லாத்த வேண்டாம்.

4. கினிப்பன்றியின் காதுக்குப் பின்னால் இயல்பாகவே முடியில்லாத ஒரு சிறு திட்டு உண்டு. மருந்து விட அதுதான் நல்ல இடம். தன் வாய்க்கு எட்டாது. அங்கே புண் இருந்தால் பிடரியில் முடியை விலக்கி, தோலிலேயே படும்படி விடுங்கள். முடியில் நின்ற மருந்து வீண்.

5. தாய்க்கு இரு காதுக்குப் பின்னாலும் பாதிப் பாதியாகப் பிரிக்கலாம். குட்டிக்கு ஒரே இடம் போதும்.

6. மருந்து காயும்வரை தாயும் குட்டிகளும் ஒன்றையொன்று நக்கக்கூடாது. ஒரு மணி நேரம், அதிகம் போனால் இரண்டு. அதற்குமேல் பிரிக்க வேண்டாம். கூண்டின் நடுவே கம்பித்தடுப்பு வைத்தால் பார்த்துக்கொண்டும் மணத்தை உணர்ந்துகொண்டும் இருக்கும், கூச்சல் குறையும். குட்டிகளுக்கும் மருந்து விட்டிருந்தால் அந்த நேரத்தில் அவற்றையும் தனித்தனிச் சிறு பெட்டிகளில் மென்துணியோடு, கதகதப்பான அறையில் வையுங்கள்.

7. இரண்டு நாள் முன்னும் பின்னும் குளிப்பாட்டல் கூடாது. பால் கொடுக்கும் காலம் முழுவதுமே குளியல் தேவையில்லை.

மனிதக் கை பட்ட குட்டியைக் கினிப்பன்றித் தாய் ஒதுக்கிவிடும் என்ற பயம் வேண்டாம். பெரும்பாலான தாய்கள் கண்டுகொள்வதே இல்லை.

நஞ்சேறினால்

வாயில் எச்சில் வடிதல், தள்ளாடுதல், நடுக்கம், கண்மணி விரிதல், எழுப்ப முடியாத சோம்பல். மருந்து போட்ட முதல் ஓரிரு நாளில் இவற்றில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவரிடம் போங்கள், மருந்தின் அட்டையையும் எழுதிய கணக்கையும் எடுத்துக்கொண்டு. ஐவர்மெக்டின் நஞ்சுக்கு முறிமருந்து கிடையாது. கதகதப்பும் நீர்ச்சத்தும் உணவும் கொடுத்துத் தாங்கிப் பிடிப்பதே சிகிச்சை. தோலில் விட்ட மருந்து என்றால், போகும் வழியிலேயே ஈரத்துணியால் அந்த இடத்தைத் துடைத்துவிடலாம்.

வலிப்பு வந்தால் பிடித்து அமுக்காதீர்கள். விளக்கை அணைத்து, சுற்றிலும் துண்டை வைத்து, குட்டிகளை அருகிலிருந்து நகர்த்துங்கள். புரளும் தாயின் அடியில் குட்டி நசுங்கிவிடும். அடங்கியதும் மருத்துவமனைக்கு. வலிப்பை நிறுத்தும் மருந்தும், வலிக்கு மெலாக்சிகாமும் தேவைப்படலாம், அதை அவர் தீர்மானிப்பார்.

புண்ணில் சீழ் பிடித்தால்

இந்தக் கட்டத்தில்தான் நல்ல எண்ணத்தோடு கினிப்பன்றியைக் கொன்றுவிடுகிறார்கள். அமாக்சிசிலின், ஆம்பிசிலின், பென்சிலின், கிளிண்டமைசின், லின்கோமைசின், எரித்ரோமைசின் ஆகிய ஆன்டிபயாட்டிக் மருந்துகள் வாய்வழி போனால் குடலின் நல்ல கிருமிகளை அழித்து, கிளாஸ்ட்ரிடியம் என்ற கெட்ட கிருமி பெருக வழிவிட்டு, சில நாட்களில் உயிரைப் பறிக்கும். பாசிட்ராசின் கலந்த களிம்பைப் புண்ணில் தடவினாலும், அதை நக்கினால் அதே கதி. வீட்டிலிருக்கும் களிம்பு எதையும் தடவாதீர்கள். ஸ்டீராய்டு கலந்த அரிப்புக் களிம்பும் வேண்டாம். அரிப்பு அடங்கியது போல் தோன்றும், எதிர்ப்பு சக்தி குறைந்து பூச்சி இன்னும் பெருகும். உப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் சீழை ஒற்றி எடுப்பதோடு நிறுத்துங்கள். பொருக்கைப் பிய்க்காதீர்கள், அடியிலிருக்கும் தோல் பச்சையாக வரும்.

காம்பு சூடாக, கெட்டியாக, நீலம் பாய்ந்து இருந்தால் அது பூச்சி விஷயமே இல்லை, மடிவீக்கம். அன்றே மருத்துவர்.

தாயின் பின்னங்கால்களில் காலுக்கு மூன்று நகங்கள். சொறிந்து புண்ணாக்குவது இவைதான். முனையை மட்டும் வெட்டிவிடுங்கள், உள்ளே சிவப்பாகத் தெரியும் ரத்த நாளத்தைத் தொடாமல். இந்த ஒரு வேலை பாதிப் புண்ணைத் தவிர்க்கும்.

தீனி

கினிப்பன்றியால் வைட்டமின் சி-யைத் தன் உடலில் தயாரிக்க முடியாது. குறைபாடு வந்தால் தோல் ஆறாது. சாதாரண நாளில் கிலோவுக்கு 10 மி.கி. போதும், பால் கொடுக்கும்போதும் வளரும் வயதிலும் 30 மி.கி. வரை தேவை. குடிநீரில் கலப்பதால் பயனில்லை: விரைவில் சிதைந்துவிடும், சுவை பிடிக்காமல் தண்ணீரையே குறைத்துக்கொள்ளும். குடைமிளகாயும் பசுங்கீரையும் தினமும் கொடுங்கள். தேவைப்பட்டால் சிரிஞ்சில் நேராக வாயில்.

உலர்ந்த புல் எந்நேரமும் எட்டும் தூரத்தில் இருக்கட்டும். தாய் அரை நாள் சாப்பிடாமல் இருந்தாலே அவசரம். கரைத்து ஊட்டும் மீட்புத் தீனியைக் கிலோவுக்கு நாளொன்றுக்கு 50 முதல் 80 மி.லி. வரை, நான்கைந்து முறையாகப் பிரித்து, கன்னத்தின் ஓரத்தில் சிறிது சிறிதாக ஊட்டுங்கள்.

குட்டிகளைத் தினமும் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதுங்கள். மூன்றாம் நாளுக்குப் பிறகும் ஒரு குட்டி இரண்டு நாள் தொடர்ந்து எடை இழந்தால், பெரியவற்றைச் சற்று நேரம் தள்ளி வைத்து அதை மட்டும் தாயிடம் விடுங்கள். வேறொரு பால் கொடுக்கும் தாயிடம் அனுப்புவதென்றால் பூச்சியையும் சேர்த்தே அனுப்புகிறோம். அந்தத் தாய்க்கும் அவள் குட்டிகளுக்கும் மருந்து தொடங்கத் தயாராக இருந்தால் மட்டும்.

கூண்டு, கூட்டாளிகள், ஆண்

பூச்சி முக்கியமாக உடலோடு உடல் ஒட்டித்தான் பரவுகிறது. கூண்டைக் கழுவி மட்டும் யாரும் இதை ஒழித்ததில்லை. ஆனால் கழுவாமல் விட்டால் மறுதொற்று இழுத்துக்கொண்டே போகும். மருந்து போடும் ஒவ்வொரு நாளும், இடையில் வாரம் ஒருமுறையும், படுக்கை முழுவதையும் கட்டிப் போட்டுவிட்டு, தட்டை வெந்நீரில் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவைத்து, பிறகே விலங்குகளை விடுங்கள். ஃபிளீஸ் துணியை 60 டிகிரியில் துவையுங்கள். துளையும் இடுக்கும் உள்ள மர வீட்டைத் தூக்கி எறியலாம், அல்லது ஒரு மாதம் விலங்கு தொடாத இடத்தில் வைக்கலாம். சிகிச்சைக் காலத்தில் அட்டைப்பெட்டி மறைவிடமே வசதி, வாரம் ஒன்றைக் கழிக்கலாம். கூண்டுக்குள் பூச்சிக்கொல்லி தெளிக்கும் எண்ணத்தைக் குட்டிகள் இருக்கும்வரை விட்டுவிடுங்கள்.

பக்கத்துக் கூண்டில் இருக்கும் எல்லாவற்றுக்கும் மருந்து உண்டு, பார்க்க நன்றாக இருந்தாலும். குறிப்பாக, பிரசவம்வரை தாயோடு இருந்த ஆண். பெரும்பாலும் மறக்கப்படுவது அதுதான், மீண்டும் சேர்த்ததும் நோய் திரும்பி வருவதும் அதனால்தான். இன்னொன்று: பிரசவம் முடிந்த சில மணி நேரத்திலேயே தாய் மீண்டும் சினைக்கு வரும். பிரசவ நேரத்தில் ஆண் கூடவே இருந்திருந்தால், பால் கொடுக்கும் தாய் அதே சமயம் கர்ப்பமாகவும் இருக்கக்கூடும். மருத்துவரிடம் இதை முதலிலேயே சொல்லுங்கள். மருந்தின் தேர்வே மாறலாம்.

எப்போது தெரியும், ஏன் தவறும்

முதல் வாரத்தின் முடிவில் சொறிவது குறையத் தொடங்கும். பொருக்கு தானே உதிரும். முடி வளர மூன்று, நான்கு வாரம் ஆகும். முடியை வைத்து மருந்து வேலை செய்ததா என்று பார்க்காதீர்கள், அரிப்பை வைத்துப் பாருங்கள். பத்து நாளாகியும் அதே வேகத்தில் சொறிந்தால் இவற்றை வரிசையாகச் சரிபாருங்கள்: அளவு உண்மையிலேயே சரியா, மருந்து தோலில் பட்டதா, முடியில் நின்றதா, ஊசிக்குப் பதிலாக வாயில் கொடுத்தோமா, எந்த விலங்காவது விடுபட்டதா, படர்தாமரை கூடவே இருக்கிறதா. மருந்துக்கே அடங்காத பூச்சி என்ற சந்தேகம் இவை எல்லாம் தீர்ந்த பிறகுதான்.

ஆண் குட்டிகளை 21ஆம் நாளில் தாயிடமிருந்தும் சகோதரிகளிடமிருந்தும் பிரித்தாக வேண்டும். சிகிச்சை பாதியில் இருக்கிறது என்று தள்ளிப் போட முடியாது. பிரித்த கூண்டு புதிதாகக் கழுவியதாக இருக்கட்டும், மீதி மருந்து அங்கே அதே தேதியில் தொடரட்டும். பால்குடி மறக்கும் அழுத்தத்தில், அதுவரை அமைதியாக இருந்த குட்டிக்கு அரிப்பு வெளிப்படுவது உண்டு. எனவே கடைசி மருந்துக்குப் பின் குறைந்தது இரண்டு வாரம் அரிப்பில்லாமல் கழிந்த பிறகே குட்டிகளை வேறு வீட்டுக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது மருந்தின் பெயர், ஒவ்வொரு தேதியின் எடை, விட்ட மி.லி. ஆகியவற்றை எழுதிய தாளையும் சேர்த்துக் கொடுங்கள். அங்கே ஏற்கெனவே கினிப்பன்றி இருந்தால், முதல் மூன்று வாரம் புதியதைத் தனிக் கூண்டில் வைக்கச் சொல்லுங்கள்.